பெட்டிக்குள் வைத்த தீவு

என் பொண்டாட்டிக்கு ஆபீஸ்ல பேரு தீவுக்காரி. பொறந்தது தூரத்துத் தீவுல, பார்க்கிற வேலை தீவை நகர்த்துறது. சிரிக்காதீங்க! நடுக்கடல்ல கிடக்கிறதை மேப்புல உள்ள இடத்துலேயே வரைஞ்சா பக்கம் பூரா தண்ணிதான், நாடு நகத்தளவு சுருங்கிடும். அதனால புள்ளிவிவர மென்பொருள்ல தீவோட எல்லையைத் தூக்கி, நம்ம கரையோரம் ஒரு பெட்டி போட்டு உள்ள வைப்பா. மக்கள்தொகைப் படம், மழைப் படம் எல்லாத்துலயும் என் மாமியார் வீடு அந்தப் பெட்டிக்குள்ளதான். "உங்கம்மாவ இவ்வளவு பக்கத்துல கொண்டாந்து வச்சா என் கதி என்னடி?"ன்னு வம்பிழுப்பேன். இத்தனைக்கும் வீட்ல உப்பு டப்பாவை நான் இடம் மாத்தினா சண்டைக்கு வர்றவ.

புயல் வந்துச்சு. எந்தெந்த ஊர் அதோட பாதையில மாட்டுதுன்னு படம் கேட்டு மேலதிகாரி பறந்தாரு. படத்துல தீவு சிவப்பா வந்துச்சு. காலி பண்ணச் சொல்லி உத்தரவு போச்சு. மாமியார் நகர மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. இவதான் போன்ல கெஞ்சிக் கூத்தாடி அவங்களை நம்ம கரைக்கு வர்ற படகுல ஏத்தினா.

அதே ஆபீஸ்ல நான் படகுகளோட வயர்லெஸ்ல பேசுறவன். திடீர்னு இவ ஓடி வந்தா, முகத்துல ஈயாடல.

"நகர்த்தி வச்ச தீவை வச்சே கணக்குப் போட்டுட்டேங்க. புயல் அடிக்கிறது அந்தப் பெட்டி இருக்கிற இடத்துல. நிஜத் தீவுல ஒண்ணுமே இல்ல. அம்மா இப்ப அந்தப் புயலுக்குள்ளதான் வந்துக்கிட்டிருக்காங்க!"

மைக்கை எடுத்துப் படகைக் கூப்பிட்டேன். பின்னாடியே வந்த மேலதிகாரி, "படகைத் திருப்பச் சொல்லுய்யா!"ன்னு கத்தினாரு.

"அலை ஏறிடுச்சு சார்"னாரு படகோட்டி. "இப்பத் திருப்பினா பக்கவாட்டுல அடிக்கும்."

"படம் தப்புங்க. முன்னாடி போனா இன்னும் மோசம். திருப்புங்க!"ன்னேன் நான்.

ஒரே இரைச்சல். இவ என் சட்டையைப் பிடிச்ச பிடியில நகம் தோள்ல இறங்குது. பாவி, நாமளே கூப்பிட்டு வரவச்சோமேன்னு இருந்துச்சு. அப்ப மாமியார் குரல் வந்துச்சு.

"மாப்பிள்ளை, அவ பக்கத்துல இருக்காளா? அவளத் திட்டாதீங்க. பயந்த புள்ள."

மறுபடி இரைச்சல். ரொம்ப நேரம் கழிச்சு, "திரும்பியாச்சு சார், காத்து குறையுது"ன்னு படகோட்டி சொன்னாரு.

மைக்கை இவகிட்ட நீட்டினேன். வாங்கினா. வாய் அசையுது, சத்தம் வரல. அந்தப் பக்கம் மாமியார் "யாரு? யாரு பேசுறது?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.