அண்ணனின் சோப்பும் செங்கோடரின் வாழ்த்தும்

எங்கள் அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்து, பந்திக்கு முன்பே இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணி சொன்னதால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியவன் நான். அதன்பின் வாசித்ததெல்லாம் பஸ் பலகையும் கடைப் பலகையும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பரமத்தி வேலூருக்கு வடக்கே, ஆற்றிலிருந்து தள்ளிய மேட்டுக்காட்டில். அப்பா காலராவில் போனபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. ஏர், மாடு, அம்மா, நான் எல்லாம் அவர் தலையில் விழுந்தோம். கிணறு வற்றிய வருடங்களில் கம்பங்கூழும் ஒரு வேளைதான். அதை அவர் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை; நானும் நீட்டப்போவதில்லை. நான் சேலத்தில் பஸ் கழுவினேன், ஈரோட்டில் மூட்டை தூக்கினேன், பம்பாயில் ஓட்டலுக்கு மாவாட்டினேன். எப்போது திரும்பினாலும் எங்கே போனாய் என்று அண்ணன் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார்.

அண்ணனுக்குக் கம்பித் தாடி. தோலோ குழந்தையின் தோல். ஊர் நாவிதர் செங்கோடர் வாரம் ஒருமுறை வந்து பச்சைத் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்துச் சிரைப்பார். ஊர் முழுக்க அப்படித்தான், யாருக்கும் ஒன்றும் ஆகாது. அண்ணனுக்கு மட்டும் தாடையெல்லாம் கொப்புளம் கிளம்பும். அது ஆறுவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும். அதனால்தான் ஒருமுறை பம்பாயிலிருந்து வரும்போது சவரச் சோப்பு ஒன்றும், பிரஷும், பிளேடு போடும் ரேசரும் வாங்கி வந்தேன்.

முதல் நாள் எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரில் போட்டதும் சோப்பு திரிந்த பாலாகிவிட்டது. பம்பாய்க்காரன் உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று அண்ணன் சிரித்தார். பிறகு வேலூர் போனபோது காவிரித் தண்ணீரில் குழைத்துப் பார்த்தோம். எருமைத் தயிர் போல நுரை நின்றது. அன்று முதல் அண்ணன் தானே சிரைத்துக்கொள்ளத் தொடங்கினார்; வண்டி ஆற்றுப் பக்கம் போனால் ஒரு குடம் தண்ணீர் ஏறாமல் திரும்பாது. வழியில் ஒருவர், "எந்தக் கோயிலுக்குங்க தீர்த்தம்?" என்று கேட்டார். "என்ற தாடைக்குங்க" என்றார் அண்ணன்.

சோப்பு வாங்குவதில் அவர் தேர்ந்துவிட்டார். சேலத்துக் கடைகளில் வாசனையைக் காட்டி யாரும் அவரிடம் விற்க முடியாது. ஈரக் கட்டைவிரலால் சோப்பைத் தேய்த்துப் புறங்கையில் தடவிக்கொள்வார். ஒரு வாய் வெற்றிலை மென்று முடியும்வரை நுரை வற்றக் கூடாது, தோல் எரியக் கூடாது. பெரிய பெரிய குமிழி கிளம்பினால் துணி துவைக்க ஆகும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்களாம்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குச் சேந்தமங்கலத்தில் பெண் முடிவானது. வெளியூர் நண்பர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவது ஊர் நாவிதர். அவர் பாடாத கல்யாணத்தைக் கல்யாணம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போனவர்களிடம் செங்கோடர் வர முடியாது என்றுவிட்டார். தானே சிரைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்குத் தானே பாடிக்கொள்ளவும் தெரியும் என்றாராம். செய்தி சேந்தமங்கலம் போயிற்று. வாழ்த்து இல்லையென்றால் பெண்ணும் இல்லை என்று பதில் வந்தது.

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். "தாலி கட்டற நேரத்துல உன்ற சோப்பு எந்திரிச்சுப் பாடுமாடா?" அண்ணன் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு செங்கோடர் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

கோபமாக வரவில்லை, தாடையைக் காட்டத்தான் வந்தேன் என்று அண்ணன் பழைய தழும்புகளைக் காட்டினார். எல்லோரையும் போலச் செங்கோடரையும் வாங்க போங்க என்றுதான் அண்ணன் பேசுவார். செங்கோடர் தழும்புகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கல்யாணத்துக்கு வாரேனுங்க சாமி. அதுக்கு முன்னாடி அந்தச் சோப்புல எனக்கு ஒருக்கா சிரைச்சு உடுங்க" என்றார்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் நாவிதருக்குச் சிரைப்பது என்பது சாதாரணமில்லை. பெரியப்பா, இதற்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ச் சோப்பு, பிரஷ், ரேசர், ஆற்றுத் தண்ணீர் எல்லாம் கொண்டு வந்தேன்.

செங்கோடர் கண்ணை மூடி உட்கார்ந்தார். அண்ணன் எதிரே குந்தி, பொறுமையாக நுரை குழைத்துப் பூசினார். சோப்பு நன்றாகத்தான் வேலை செய்தது. அண்ணனின் கைக்குத்தான் அடுத்தவர் தாடை பழக்கமில்லை. காதுக்குக் கீழே ரேசர் கடித்துவிட்டது. வெள்ளை நுரையில் சிவப்பு இறங்கியது.

செங்கோடர் விரலால் தொட்டு ரத்தத்தைப் பார்த்தார். பிறகு அண்ணன் கையைப் பார்த்தார். "இந்தக் கைக்குப் போயி நான் பயந்தேன் பாருங்க சாமி" என்றார்.

முதலில் சிரித்தது செங்கோடரின் சம்சாரம். பிறகு எல்லோரும் சிரித்தோம். மீதிப் பாதியை அவர் தன் கத்தியால் தானே முடித்துக்கொண்டார். சோப்பு உங்களுடையதாக இருக்கட்டும், கத்தி என்னுடையதாக இருக்கட்டும் என்று அங்கேயே பேச்சு முடிந்தது. சேந்தமங்கலத்துக்கு அன்றே ஆள் போனது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குச் சோப்புப் போட்டுச் சிரைத்தவரும் வாழ்த்துப் பாடியவரும் அவரே. பெரியப்பாவும் வந்து முன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

யுத்த காலத்தில் நல்ல சோப்பு கிடைக்காமல் போயிற்று. கிடைத்ததையெல்லாம் அண்ணன் தன் முழங்கையில் தேய்த்துப் பார்த்து, எரியாததை மட்டும் செங்கோடருக்குக் கொடுத்தனுப்புவார். அதற்குள் ஊரில் பாதிப் பேர் சோப்புக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

சென்ற ஆண்டு வந்த காய்ச்சல் அண்ணனை அதிகம் படுத்தவில்லை. கொஞ்ச நாளில் கொண்டுபோய்விட்டது. கடைசியாக என்னிடம் கேட்டதும் சாப்பிட்டாயா என்பதைத்தான். நாங்கள் சொல்லி அனுப்பும் முன்பே செங்கோடர் வாசலில் நின்றார். "நல்லதுக்கு வந்தவன் இதுக்கும் வரோணுமில்லீங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், அண்ணனின் முகத்தை மழித்து எங்களுக்குத் திருப்பித் தந்தார்.

இரவு பகல் பாராமல் கூட இருந்த அண்ணியின் தம்பிமாருக்கும், நாமக்கல்லிலிருந்து வண்டி கட்டி வந்து பார்த்த வைத்தியருக்கும், அண்ணன் போன பிறகு எங்கள் காட்டுக்கு இரண்டு மாதம் தண்ணீர் பாய்ச்சிய பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செங்கோடருக்கு நன்றி என்ற சொல் போதாது. அன்று கல்யாணத்தில் பாட அவர் வராமல் இருந்திருந்தால் அண்ணியும் இல்லை, அண்ணன் பிள்ளைகளும் இல்லை.

செங்கோடருக்கு எழுத்துத் தெரியாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் கோவிச்சுக்கிட்டத இத்தன நீட்டமா எழுதீட்டீங்க. பாட்டு எப்புடின்னு ஒரு வரி இல்லீங்களே சாமி" என்றார்.

எழுதிவிட்டேன். நன்றாகப் பாடினார்.