சாம்பிராணிச் சட்டியும் கப்பல் மத்தாப்பும்

இப்போது கடலுக்குப் போகிற படகில் ஒரு சின்னப் பெட்டி வைக்கிறார்கள். ஆபத்து என்றால் பொத்தானை அமுக்கினால் போதுமாம். நாம் இருக்கும் இடத்தை அது ஆகாயத்துக்குச் சொல்லி, ஆகாயம் கரைக்குச் சொல்லிவிடுமாம். என் மருமகன் அதைக் கொண்டுவந்து காட்டியபோது வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் சிரித்தார். அப்படி ஒன்றைத் தேடி நாங்கள் அலைந்தது அவருக்குத் தெரியாது.

அறுபதுகளின் கடைசி. அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் எனக்கு இன்ஜின் ரிப்பேர் கடை. பக்கத்தில் பாயுடைய மளிகைக் கடை. ராமநாதபுரத்துக்காரர். என்னை மச்சான் என்பார், என் மனைவியைத் தங்கச்சி என்பார். நாங்கள் இருவரும் கூட்டாக ஒரு பழைய டோங்கி வாங்கினோம். இங்கே சின்ன மரப்படகுக்கு அதுதான் பெயர். நானே அதற்கு ஒரு டீசல் இன்ஜினைப் பூட்டினேன். சனிக்கிழமைதோறும் நீல் தீவுக்கு சோப்பும் எண்ணெயும் கொண்டுபோய், அங்கிருந்து காய்கறி ஏற்றி வருவதாகத் திட்டம்.

என் மனைவி ஒரே பேச்சில் அதை நிறுத்திவிட்டாள். ஏழு வருஷம் வேண்டிப் பெற்ற குழந்தை அப்போது அவள் இடுப்பில். ஏழு மாதம்.

"ஹார்பர் வாயைத் தாண்டி இன்ஜின் நின்னா, நீங்க எங்க இருக்கீங்கன்னு யாருக்குத் தெரியும்? கூப்பிடறதுக்கு ஒரு சாமான் வாங்கி வச்சுக்கிட்டுக் கெளம்புங்க. இல்லேன்னா அந்த டோங்கியக் கவுத்துப் போட்டுக் கோழி அடைக்கலாம்."

ஃபெர்ரியில் அக்கரை போய், போர்ட் பிளேரில் பழைய கப்பல் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று சாமானை எடுத்து வைத்தார். ஒன்று பித்தளை ஊதுகுழல். பாய் ஊதினார், தெருவில் ஒரு நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது கைக்கண்ணாடி, வெயிலைத் திருப்பிக் காட்ட.

"மேகம் போட்டா இதுல முகத்தப் பாத்துக்கிட்டே சாகலாம்" என்றார் பாய்.

மூன்றாவது, சாண் நீளத்தில் இரண்டு சிவப்புக் குழாய்கள். மூடியைத் திருகி உரசினால் கையிலேயே செக்கச்செவேலென்று எரியும். கப்பல்காரர்கள் ஃப்ளேர் என்பார்கள். பாய் அதற்கு அங்கேயே கப்பல் மத்தாப்பு என்று பேர் வைத்தார்.

"இதான் மச்சான். பக்கா."

"கொளுத்திப் பாத்து வாங்கலாமா?" என்றேன்.

"கொளுத்துனா தீந்துபோவும்" என்றார் கடைக்காரர்.

சோதித்துப் பார்க்க முடியாத சாமானை நம்பி எப்படிக் கடலுக்குப் போவது? நான் மெக்கானிக். ஓட்டிப் பார்க்காமல் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன். பாய் ஏதோ மறந்துவிட்டது போல ஒரு தரம் கடைக்குள் போய்விட்டு வந்தார். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு முருகன்தான் வழி காட்டினான் என்று நினைத்தேன். ஹார்பர் வாயருகே ஒரு குன்றின் மேல் எங்கள் ஜனங்கள் கட்டிய சின்ன முருகன் கோயில் உண்டு. டோங்கியிலேயே ஒரு பெரிய இரும்புச் சட்டி வைத்துத் தேங்காய் மட்டையும் கரியும் மூட்டி, பிடி பிடியாகச் சாம்பிராணி போட்டால் புகை பனை உயரம் எழும். பகலில் ஐந்து மைலுக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் கோயிலைத் தாண்டும்போது அவனுக்கே அந்தப் புகையைக் காட்டினால் பூஜையும் ஆயிற்று, சோதனையும் ஆயிற்று.

பாய் மறுப்பே சொல்லவில்லை. "எங்க தர்காவுலயும் சாம்பிராணிதான்" என்று விசிறிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டார். அவர் பிஸ்மில்லா சொல்லி இன்ஜினைச் சுற்றுவார், நான் முருகா என்று சட்டியைத் தூக்குவேன்.

எங்களுக்கு அரைமணி பின்னால் ரங்கத் பக்கம் போகிற லாஞ்ச் ஒன்று வரும். முதல் வாரமே எங்கள் புகையைப் பார்த்து, அதை ஓட்டும் சாரங் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். மேல்தட்டில் நின்ற ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது. எனக்குப் பூரிப்பு. நாலு மாதத்தில் எங்களுக்கு சாம்பிராணி டோங்கி என்றே பேர் வந்துவிட்டது.

தைக் கிருத்திகையன்று சனிக்கிழமை. கடல் தாம்பாளம் மாதிரி கிடந்தது. கோயிலுக்குப் புகை காட்டிவிட்டு வெளிக்கடலுக்கு வந்து ஒரு மணி நேரம் இருக்கும். அடியில் டக்கென்று ஒரு சத்தம். தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறியைப் பிடித்திருக்கும் இரும்புப் பின் ஒடிந்துவிட்டது.

"இன்ஜின் ஓடுது மச்சான், நாம ஓடல" என்றார் பாய்.

கரையேற்றாமல் அதைச் சரி செய்ய முடியாது. துடுப்பு போட்டோம். நீரோட்டம் கிழக்கே இழுத்தது. கிழக்கே அடுத்த கரை பர்மா. குன்றுக் கோயில் அரிசி மணியாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் அன்று வரக்கூடியது ரங்கத் லாஞ்ச் ஒன்றுதான்.

அதுவும் வந்தது. கைவசம் இருந்த சாம்பிராணி முழுவதையும் சட்டியில் கொட்டினேன். அவ்வளவு புகை அதுவரை வந்ததேயில்லை. பாய் துண்டை எடுத்து வீசினார். லாஞ்சில் எல்லாரும் இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். வழக்கத்தைவிடப் பக்தியாகக் கும்பிட்டார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாரங் கிருத்திகைக்காக மூன்று தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

நான் சட்டியோடு நின்றேன். குழந்தையின் முகம் வந்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு மறுபடி துடுப்பை எடுத்தேன்.

"மச்சான், கோவிக்காதீங்க" என்று பாய், படகில் சாம்பிராணி வைத்திருந்த பூஜைப் பெட்டிக்குள் கைவிட்டார். விபூதிப் பைக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலம். இரண்டு கப்பல் மத்தாப்பு. "அன்னைக்கே வாங்கித் தங்கச்சிகிட்ட குடுத்தேன். பெட்டியில வச்சது தங்கச்சிதான். உங்க மனசு நோவக்கூடாதுன்னு சொல்லல."

முதலாவது ஈரம். உரச உரச உதிர்ந்தது. லாஞ்ச் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துவிட்டது. இரண்டாவதை என்னிடம் நீட்டினார். "நீங்க உரசுங்க. மெக்கானிக் கை உங்களுது."

முருகா என்று உரசினேன். பகல் வெளிச்சத்திலும் ரத்தமாக எரிந்தது. கை சுட்டது, விடவில்லை. எரிந்து முடிகிற நேரம் லாஞ்ச் மெல்லப் பக்கவாட்டில் தெரிந்தது. பிறகு அதன் மூக்கு எங்களைப் பார்த்தது.

சாரங் கயிறு வீசும்போதே திட்டினார். "ரோஜ் கா பூஜா சம்ஜா, பாய்!" வழக்கமான பூஜை என்று நினைத்தாராம். அவர் மேல் என்ன குற்றம்? கும்பிடப் பழக்கியது நான்தானே.

வீட்டில் ஒன்றும் மறைக்கவில்லை. என் மனைவி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய் விளக்கேற்றிக் கும்பிட்டாள். வெளியே வந்து, "சாமிக்குக் காட்டுறதயே மனுசனுக்கும் காட்டுனா அவன் கும்புடத்தானங்க செய்வான்" என்றாள்.

அடுத்த ஃபெர்ரியில் அவளே எங்களோடு கடைக்கு வந்தாள். மத்தாப்புகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, மூடியை ஆட்டிப் பார்த்து, ஈரம் ஏறாத நாலைப் பொறுக்கினாள். கொளுத்திப் பார்க்கலாமா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

ஆனால் அவளுக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை. கார்த்திகைக்கோ கந்த சஷ்டிக்கோ இதையும் குன்றைப் பார்த்துக் கொளுத்திவிடுவேன் என்று பயம். வீட்டுக்கு வந்ததும் தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினாள்.

"ஆபத்துக்குத் தவிர தொடமாட்டேன்னு அடிச்சுச் சொல்லுங்க."

அடித்துச் சத்தியம் செய்தேன். உள்ளங்கையில் மத்தாப்பு சுட்ட புண் இன்னும் ஆறவில்லை; அதன் மேலேயே சுட்டது. வாசலில் நின்ற பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை கோயிலைத் தாண்டும்போது வழக்கம்போலச் சாம்பிராணி போட்டேன். பின்னால் வந்த லாஞ்ச் ஹாரன் அடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தது. சாரங் எட்டிப் பார்த்து, "பூஜாவா, மதத்தா?" என்று கேட்டார். பூஜையா, உதவி வேண்டுமா என்று.

"பூஜாதான் பாய், போங்க" என்றோம் இருவரும்.

அதன் பிறகு அந்த மனிதர் எங்களைத் தாண்டிய ஒவ்வொரு வாரமும் கேட்டுவிட்டுத்தான் போனார்.