பிரேக்குக்குச் சத்தம் இல்லை

என் கணவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. முன்பு இருந்தது, வேகமாக ஓட்டியதற்காகத் தெருக் கமராக்கள் உரிமத்திலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதை முடித்துவிட்டன. திரும்பவும் பரீட்சை எழுத வேண்டும். "எழுதுவம், எழுதுவம்" என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டுகிறார். அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு நாள் நோர்மண்டிக் கடற்கரையில் படகு வைத்திருந்த ஒருவரிடம் பழைய அமெரிக்கப் பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வீடு வரை அதை ஓட்டி வந்தது விற்ற மனிதர். இனி யார் ஓட்டுவது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்களுக்குக் கலியாண மணவறை வாடகைக்கு விடும் தொழில். வார நாட்களில் நான் பொபினி என்ற புறநகரில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் தூண்கள், ஃபைபர்கிளாஸ் யானைகள், மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருக்கிற பெரிய கதிரை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஏதாவதொரு புறநகர் மண்டபத்துக்குப் போவேன். முன்பு ஒரு வெள்ளை வான் இருந்தது. பேசாமல் வேலை செய்தது. "வானுக்குள்ளை தூண் படுக்காது" என்று சொல்லி அதை விற்றார். படுக்கும் என்று நான் அளந்தே காட்டினேன். ஆசைப்பட்டுவிட்ட மனிதனுக்கு அளவு நாடா கண்ணில் படுமா?

மணவறைச் சாமான்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் என்ற ஒடுங்கிய தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் இருக்கின்றன. அந்தத் தெருவுக்குள் இந்தப் பூதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். நிலத்தடித் தரிப்பிடம் எதிலும் அது நுழையாது. வளைவில் திரும்பினால் சந்தியில் நிற்கிற அத்தனை பேரும் கை காட்டுவார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம்.

அதோடு போயிருந்தாலும் பொறுத்திருப்பேன். குளிர்காலக் காலையில் திறப்பைத் திருப்பி எஞ்சினைப் போட்டால் டொக் டொக் என்று தட்டும்; புகைக்குழாயைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று உள்ளேயே முறிந்து கிடக்கிறது என்றார்கள். கியர்பெட்டி இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக யோசிக்கும். யோசித்து முடித்து முதுகில் ஓர் உதை கொடுக்கும். முன் சில்லு மூட்டுகள் மேடு பள்ளத்தில் கீச்சிடும். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஒரு நாள் கதவுக்குள் விழுந்தது, பிறகு மேலே வரவேயில்லை. பின்கதவு கயிற்றில் நிற்கிறது. எஞ்சினில் ஏதோ பிழை என்று எச்சரிக்கிற மஞ்சள் விளக்கு அணைவதே இல்லை. என் கணவர் அதற்கும் வைத்தியம் பார்த்தார்: விளக்கின் மேல் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டிவிட்டார்.

ஒவ்வொரு சனியும் சாமான் ஏற்றும்போது கடை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கிற அண்ணைமார் வண்டியைச் சூழ்ந்துகொள்வார்கள். எஞ்சின் மூடியைத் திறந்ததுமே கூட்டம் இரட்டிப்பாகும். அவர்களிடம் கருவி ஒன்றும் கிடையாது, காது மட்டும்தான். தலையைச் சரித்துக்கொண்டு கேட்பார்கள். "இது பெல்ட்" என்பார் ஒருவர். "பெல்ட் இப்பிடிக் கத்தாது, பம்ப்" என்பார் மற்றவர். கடைசியில் எந்தச் சாமானுக்கு ஆதரவு அதிகமோ அதை அடுத்த கிழமை என் கணவர் வாங்கி மாற்றுவார். பெல்ட் மாற்றினார், பம்ப் மாற்றினார், சில்லு மூட்டுகளையும் மாற்றினார். சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கோ சத்தம் ஒரு பொருட்டே இல்லை. என் பயமெல்லாம் பிரேக்கில்தான். சிவப்பு விளக்கில் மிதித்துக்கொண்டு நின்றால் மிதி என் காலுக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கும். திரும்ப ஒருதரம் மிதித்தால் மேலே வரும். பிறகு மறுபடி இறங்கும். பின்னால் ஒரு மணவறையே கிடக்கிறது. முன்னால் பிள்ளைத் தள்ளுவண்டியோடு ஒரு பெண் தெருவைக் கடக்கிறாள். அந்த விளக்கு பச்சையாகும் வரை நான் எந்தெந்தக் கடவுளைக் கூப்பிடுவேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"நீர் சும்மா பயப்பிடுறீர்" என்றார். "பெரிய வாகனம், மிதி அப்பிடித்தான் இருக்கும்."

கடை வாசலிலும் சொன்னேன். ஒரு அண்ணை உடனே ஏறி உட்கார்ந்து, ஓடாமல் நிற்கிற வண்டியில், எஞ்சினும் போடாமல், நாலு தரம் மிதித்துப் பார்த்தார்.

"கல்லுப் போலை நிக்குது அக்கா. ஒரு சத்தமும் இல்லையே?"

"சத்தம் இல்லை அண்ணை. இறங்குது."

"சத்தம் இல்லையெண்டால் ஒண்டும் இல்லை" என்று இறங்கிப் போய்த் தேத்தண்ணியை எடுத்தார்.

எனக்கு எரிச்சலில் தலை வெடித்தது. கீச்சிட்டால் ஓடி வருகிறார்கள், தட்டினால் காது கொடுக்கிறார்கள். வாயில்லாத பிரேக்குக்காக நான் வாய் திறந்தால் மட்டும் பெண்பிள்ளையின் பயம் என்கிறார்கள். கராஜில் காட்டுங்கள் என்று கணவரைக் கிழமைக்குக் கிழமை நச்சரித்தேன். கொந்த்ரோல் தெக்னிக் வரத்தானே போகிறது, அந்தக் கட்டாய வாகனப் பரிசோதனையில் அவர்களே பார்த்துச் சொல்வார்கள் என்றார். அது வர இன்னும் மாதக்கணக்கு இருந்தது. அதுவரை தெருவில் போகிறவர்களின் உயிருக்கு என் வலது கால்தான் பொறுப்பு.

பிறகு கியர் எண்ணெய் மாற்றவென்று வண்டியைக் கராஜில் விட்டோம். திரும்ப எடுக்கிறபோது நான் அலுவலகத்தில். அவர்தான் வண்டியை ஓட்டிவர ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போனார். பிரேக்கைப் பார்த்தார்களா என்று இரவுச் சாப்பாட்டில் கேட்டேன்.

"ஓம், ஓம். பாத்தவங்கள்" என்றார், கறியைப் போட்டுக்கொண்டே.

அடுத்த சனி ஒரு பெரிய கலியாணம். ரூ காயில் சாமான் ஏற்றி முடித்தோம். நான் ஏறி எஞ்சினைப் போட்டேன். அவர் பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், தையல்காரியிடம் சட்டை வாங்க அன்று அங்கே வந்திருந்தாள். கை நிறையப் பை. வண்டியைக் கண்டதும் சந்தோஷமாகப் பின்னிருக்கைக் கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"பிள்ளை, நீ இதிலை ஏறாதை" என்று பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "மெத்ரோவிலை வீட்டை போ."

"புர்குவா, அப்பா?" என்று ஏனென்று கேட்டாள் அவள்.

"பிரேக் சரியில்லை."

மழை வரப்போகிறது, குடை எடு என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். முடிச்சு இறுகுகிறதா என்பதில்தான் அவருடைய கவனம் இருந்தது. சொன்னது தன் காதில் விழ அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"அப்ப என்னை ஏத்தலாமோ?"

அவர் கயிற்றை விட்டுவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். கண்ணாடி இல்லாத ஜன்னல்; முகத்தை மறைக்க வழியில்லை.

"பிரேக் எண்ணெய் போற குழாய் கடல் உப்பிலை கறள் பிடிச்சுக் கசியுதாம். போன கிழமை கராஜிலை சொன்னவங்கள். இந்தக் கலியாணம் முடிய மாத்துவம் எண்டு இருந்தனான்."

"என்னட்டைச் சொல்லேல்லை."

"சொன்னால் நீர் வண்டியை எடுக்கமாட்டீர்."

கடை வாசலில் நின்ற அண்ணைமார் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இத்தனை கிழமையும் அவருக்கு வண்டி விளங்கவில்லை என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், சமாதானம் சொல்கிற அவசரத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார்.

"நீர் எப்பிடியும் கவனமாய் ஓட்டுவீர் எண்டு எனக்குத் தெரியுமப்பா."

திறப்பை உருவி அவர் கையில் வைத்தேன். இறங்கி, மகளின் பைகளில் பாதியை வாங்கிக்கொண்டு மெத்ரோவுக்கு நடந்தேன்.