போரிநோவோ ரவுட்டரின் மௌனம்

ராலிட்சா பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள். ரோடோப் மலையூர்களின் இணைய வலையை அவளிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள். பயந்தவள் கவனமாக இருப்பாள் என்று நம்பினார்கள். பயத்தில் கை தவறும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வலையில் ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டர்களிடம் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று ஓயாமல் சொல்ல வேண்டும். குரல் நின்றால் செத்ததாகக் கணக்கு. அதற்குப் போகும் வழியையே மற்றவை அழித்துவிடும். அன்று காலை அடிவாரத்து ப்ளோவ்திவ் நகர அலுவலகத்திலிருந்து, மலைமேல் இருக்கும் போரிநோவோ ஊர் ரவுட்டருக்குக் கட்டளை எழுதினாள். எந்தப் பக்கமும் பேசாதே என்பது ஒரு வரி. பக்கத்து ரவுட்டர்களுக்குப் போகும் மலைக் கம்பியில் மட்டும் பேசு என்பது அடுத்த வரி. இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். அவள் முதல் வரியோடு நிறுத்திச் சரிபார்க்கப் போனாள். சற்று நேரத்தில் ஊமையான ரவுட்டரின் வழி அழிந்து, அவள் திரை உறைந்தது.

போரிநோவோ ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வரும் அழைப்பெல்லாம் அந்த ரவுட்டர் வழியாகத்தான். கணவாயில் பனி; நேரில் போகவும் வழியில்லை.

“டைமர் வச்சியா?” என்றான் பக்கத்து மேசை ஸ்தாமென். ஆபத்தான வேலைக்கு முன், பத்து நிமிடத்தில் நீயாகவே அணைந்து எழு என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பார்கள். எழும்போது சேமிக்காத வரிகள் மறைந்து பழையது திரும்பும்.

“வச்சேன்.”

“அப்புறம் என்ன? காப்பியக் குடி. மூஞ்சி தயிராட்டம் வெளுத்துக் கிடக்கு.”

“சேவ் பண்ணிட்டேனான்னு தெரியல ஸ்தாமென். வரிக்கு வரி சேவ் பண்ற கை இது.”

ஸ்தாமெனின் கிண்டல் நின்றது. சேமித்திருந்தால் ரவுட்டர் ஊமையாகவே எழும்.

கெட்டது விலக அவள் மேசையைத் தட்டினாள்.

“அது பிளாஸ்டிக்கு, ராலி. மரத்தத் தட்டு.”

ஓடிப்போய் ஜன்னல் சட்டத்தைத் தட்டினாள். மலைமேல் யாருக்காவது மூச்சு அடைத்துக்கொண்டிருக்குமோ என்று நினைத்தாள். தன் வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

டைமர் முடிந்து ஒருவழியாகத் திரை அசைந்தது. பழைய வரிகள். சேமிக்கவில்லை! ஸ்தாமென் கைதட்டினான். அவள் உடனே ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போன் போட்டாள்.

“இப்ப கொஞ்ச நேரத்துல யாராச்சும் கூப்பிட்டாங்களாம்மா?”

“ஒருத்தரும் இல்ல கண்ணு,” என்றாள் மறுமுனைப் பெண். “போன் சத்தமே இல்ல. ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க.”

கூப்பிட்டிருந்தாலும் மணி அடித்திருக்காது என்பதை ராலிட்சாவால் அவளிடம் சொல்ல முடியவில்லை.