தோகிதாவின் மச்சினனுக்கு ஒரு துணி

கடைக்குள் நுழையும்போது தோகிதா ஒருக்களித்துத்தான் நுழைவார். நிப்போரி வட்டாரத் துணிக்கடைகளின் வாசல் அப்படியொன்றும் குறுகல் இல்லை. பதினாறு வருஷம் சுமோ மல்யுத்தக் கூடத்தில் வளர்ந்த உடம்பு, ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் பழக்கத்தை விடவில்லை, அவ்வளவுதான். உள்ளே வந்ததும் முதல் காரியமாக மன்னிப்புக் கேட்பார். யாரையும் இடித்திருக்க மாட்டார், ஆனாலும் கேட்பார். பிறகு அடுக்கிலிருந்து ஒரு கிமோனோத் துணிச் சுருளை எடுத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அகலத்தின் மேல் வைப்பார். ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல். முகம் விழுந்துவிடும். சுருளைத் தட்டிக்கொடுத்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைப்பார்.

"என் மச்சினனுக்குங்க," என்பார், யாரும் கேட்பதற்கு முன்பே. "முதல் தடவையா அவனே தைச்சுக்கப் போறான். பருத்தியில சுளுவா ஏதாவது காட்டுங்க."

தோகிதாவுக்கு மச்சினன் கிடையாது. அக்கா தங்கை கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. அந்த மச்சினன் ஜூன் மாதத்தில் பிறந்தவன், வயது இரண்டு வாரம்.

மற்ற நாட்களில் தோகிதா ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு கொண்டுபோகும் வேனை ஓட்டுகிறார். வியாழக்கிழமை விடுமுறை. அன்று வட்டார மன்றத்தின் மாடியில், ஏழு பெண்களுக்கு நடுவே எட்டாவது ஆளாக உட்கார்ந்து கிமோனோத் தையல் படிக்கிறார். அவர் விரல்களுக்கிடையில் ஊசி எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. முதல் வாரம் ஒரு கைத்துண்டின் ஓரம் தைத்தார். கூடவே தன் கால்சட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டார். "நீங்க தைக்கவே வேணாம் தம்பி. எங்க துணிமேல எல்லாம் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எந்திரிங்க, இஸ்திரி செலவு மிச்சம்," என்று ஒரு பெண் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தோகிதாவும் சிரித்தார். உட்கார்ந்துதான் பார்த்தார் என்றும் கேள்வி.

ஆசிரியை எழுதிக் கொடுத்த சீட்டு அவர் சட்டைப் பையில் நாலாக மடிந்திருக்கிறது. பருத்தியாக இருக்கட்டும், வழுக்கக் கூடாது. அடர்ந்த நிறமாக இருந்தால் தையல் கோணினாலும் தெரியாது. மேல் கீழ் பார்க்க வேண்டாத கோலமாக எடுக்கவும். வெட்டுமுன் நனைத்துக் காயவைக்கவும். கடைசியில் பெரிய எழுத்தில், அகலம். பிடரி எலும்பிலிருந்து மணிக்கட்டு வரை துணியின் இரண்டு அகலம் சேர்ந்து வந்தாக வேண்டும். தோகிதாவின் கைக்குக் கடைத்துணி எதுவும் எட்டாது. அவருக்கு ஒரு சாணும் எட்டு விரலும் வேண்டும். அந்த அகலத்தில் நெய்வது சுமோக்காரர்களுக்கான துணியைத்தான்.

அவருக்கும் அது நன்றாகத் தெரியும். சொல்லப்போனால் அவர் தேடுவதே அப்படி ஒரு துணியைத்தான். அதிலும் ஒரே ஒரு துணியை. வாய்விட்டுக் கேட்கத்தான் வெட்கம்.

சுமோவில் மேல் இரண்டு வரிசைக்கு ஏறியவர்கள் தங்கள் பெயரைத் துணியில் போட்டு, கோடைதோறும் கூட்டாளிகளுக்குச் சுருள் சுருளாகக் கொடுப்பார்கள். கீழ் வரிசைக்காரர்கள் அதை யுகாதா என்கிற கோடைக் கிமோனோவாகத் தைத்து உடுத்திக்கொண்டு தெருவில் போவார்கள். தோகிதா பதினாறு கோடையும் அடுத்தவன் பெயரைத்தான் உடுத்தினார். அவருக்கென்று ஒரு களப்பெயர்கூட வைக்கவில்லை. வீட்டுப் பெயரிலேயே இறங்கி, வீட்டுப் பெயரிலேயே தோற்றார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். மசாவின் பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை.

மசா அவோமோரியிலிருந்து கூடத்துக்கு வந்தபோது அவனுக்கு இடைக்கச்சை கட்டிவிட்டவர் தோகிதா. சோற்றுக் கரண்டியால் தலையில் ஒன்று போட்டவரும் அவர்தான். ஏழே வருஷத்தில் அவன் ஹோஷினகி என்ற பெயரோடு மேலே போய்விட்டான். முந்தின நாள் வரை "டேய் மசா". மறுநாள் காலையிலிருந்து "ஐயா, முதுகு தேய்க்கட்டுங்களா". கூடத்து முறை அது, யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கோடையில் ஹோஷினகி தன் முதல் பெயர்த்துணியை எல்லோருக்கும் முன்னால் தோகிதாவிடம் கொடுத்தான், இரண்டு கையாலும். தோகிதா அதை மூன்றாம் நாள் அசகுசாவில் ஒரு பழந்துணிக் கடையில் விற்றுவிட்டார். விற்ற காசு ஒரு வேளை விலாங்குமீன் சோற்றுக்குச் சரியாகப் போயிற்று. அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று அவர் இன்றைக்கும் தனக்குள் சொல்லிக்கொள்கிறார். ஆனால் மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறார். கேட்டவர்களிடம் "தைக்கக் கொடுத்திருக்கேன்" என்றார். ஒன்பது வருஷமாக அது தையற்காரரிடம் இருக்கிறது.

இந்த ஜூன் முதல் வாரம் மசா தொலைபேசியில் பேசினான். முழங்கால் போய்விட்டது, களத்தை விட்டாகிவிட்டது, ஆகஸ்டில் ஊரோடு போகிறான். "வாணவேடிக்கை அன்னிக்கு ஆத்தங்கரையில எல்லாரும் கூடறோம் அண்ணே. என் முதல் துணியில தைச்ச யுகாதாவைத்தான் எல்லாரும் போட்டுட்டு வரணும். நீங்க அவசியம் போட்டுட்டு வரணும்." தோகிதா "ஆகட்டும்" என்றார். வேறென்ன சொல்வார். தையற்காரரிடம் போகலாமென்றால், சுமோக் கூடங்கள் இருக்கும் ரியோகோகுவில் அந்தக் கூடத்துக்குத் தைப்பவர் ஒருவர்தான். அவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் பாலம் தாண்டி மசா வரைக்கும் போய்விடும். அதனால்தான் ஊசி, வியாழக்கிழமை, மச்சினன் எல்லாம்.

போன சனிக்கிழமை வேலை முடிந்து மழையில் அவர் ஏறியது ஒன்பதாவது கடை. கடைக்காரி நெமோத்தோ அம்மாளின் தலை தோகிதாவின் சட்டைப் பை உயரத்துக்குத்தான் வரும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மச்சினன் கதையை முழுக்கக் கேட்டாள். தும்பிக் கோலம் போட்ட நீலத்தைப் பிரித்துக் காட்டினாள். தோகிதா சாண் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க மச்சினன் உங்க உசரமா?"

"ஆமாங்க."

"உங்க பருமனா?"

"கொஞ்சம் கூடவே இருப்பான்."

"சரிதான். கை நீளம் எவ்வளவு?"

தோகிதா சட்டைப் பையைத் துழாவினார். அளவைக் குறித்துக்கொள்ள மறந்திருந்தார். "நீளந்தாங்க," என்றார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்பதுபோல், "பேர் போட்ட துணி ஏதாவது கிடக்குங்களா? யார் பேரா இருந்தாலும் பரவாயில்ல. ஹோஷினகி மாதிரி," என்றார்.

நெமோத்தோ அம்மாள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். "யார் பேரா இருந்தாலும் பரவாயில்லைன்னா, அதென்ன ஹோஷினகி?"

"அவனுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்."

"மச்சினனுக்கு."

"மச்சினனுக்குத்தாங்க."

அவள் உள்ளே போய் ஒரு சுருளோடு வந்தாள். வெள்ளையில் நீல எழுத்து. ஒரு வரி நேராக, அடுத்த வரி தலைகீழாக. கிமோனோவுக்குத் தோளில் தையல் இல்லை என்பதால், முன்னால் நேராக நிற்கிற பெயர் முதுகில் கவிழ்ந்துவிடாமல் இருக்க அப்படி அச்சிடுவார்கள். தோகிதா சாண் வைக்கவில்லை. பார்த்ததுமே காது சிவந்துவிட்டது.

"அசகுசாவில ஒரு கடையை மூடினப்போ மொத்தமா வாங்கினதுல இது மூணு வந்துச்சு," என்றாள் அவள். "மே மாசம் அவரே வந்தாரு."

"யாருங்க?"

"ஹோஷினகி. கைத்தடி ஊன்றிக்கிட்டு. மூணையும் கடைசி வரைக்கும் பிரிச்சுப் பார்த்தாரு. ரெண்டை வாங்கிக்கிட்டாரு. 'இது மட்டும் இங்கேயே இருக்கட்டும்மா, இதுக்கு ஆள் வரும்'னாரு. 'விலையை மட்டும் குறைச்சுராதீங்க'ன்னும் சொன்னாரு. நானும் விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நினைச்சேன்."

மே மாசம். தொலைபேசி வந்தது ஜூனில். அப்படியானால் "அவசியம் போட்டுட்டு வரணும்" என்று சொல்லும்போதே மசாவுக்குத் தெரியும். ஒன்பது வருஷம் "தையற்காரர் இன்னும் தரலே" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னதெல்லாம் தோகிதாவுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. கடையை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினால் வாசலில் ஒருக்களிக்க வேண்டும். அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

"வித்த துணியைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன், அதனால பழுது இருக்கான்னு இப்பவே பார்த்துடலாம்," என்று நெமோத்தோ அம்மாள் மேசைமேல் துணியை ஓடவிட்டாள். சுருள் உருண்டு உருண்டு மெலிந்தது. கடைசி முழத்தில், ஓரத்தை ஒட்டி, மையால் தூரிகையில் எழுதிய கோணல் எழுத்து. அப்போது மசாவுக்குக் கையெழுத்து வராது. கூடத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

அவள் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். "தோகிதா அண்ணனுக்கு. எனக்கு முதல்ல கச்சை கட்டிவிட்டவருக்கு."

கடைக்குள் வேறு யாரும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

"இது தைக்கும்போது கீழ் மடிப்புக்குள்ள போயிடும், வெளிய தெரியாது," என்றாள் அவள், எழுத்தைப் பார்த்தபடியே. "எப்படியும் அகலம் பத்துமான்னு பார்க்காம நான் துணி கொடுக்கறதில்ல. உங்க மச்சினன் வருவாரா, அளவெடுக்க?"

மேசை ஓரத்தில் அளவு நாடா கிடந்தது. தோகிதா அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டி, அவள் உயரத்துக்கு எட்டும்படி இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, பிடரி எலும்பு தெரியத் தலையை நன்றாகக் குனிந்து, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.