சொல்தா சுட்ட கடற்காகங்கள்

எங்கள் ஊர்க் கடற்கரையில் மலையும் இல்லை, பாறை முகடும் இல்லை. புயலில் உடைந்த பழைய கப்பல் பாலத்தின் இரும்புத் தூண்கள்தான் தண்ணீருக்குள் நின்றன. ஐப்பசியில் எங்கிருந்தோ வரும் கடற்காகங்கள் பங்குனி வரை அவற்றின் மேல்தான் குடியிருக்கும். முத்தியால்பேட்டையிலிருந்து சாயங்காலம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன். கல்யாணமான பொம்பளைக்கு இதென்ன பைத்தியம் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். அந்தத் தெருவில் பார்ப்பதற்கு வேறென்ன இருந்தது?

வடக்கோரத் தூணில் ஒரு கால் மடங்கிய பறவை ஒன்று உட்காரும். போனதும் அதைத்தான் தேடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. தெருக்கோழிகள் கழிச்சல் நோய் கண்டு, கழுத்து திருகிச் செத்தன. புதைத்தால் சீக்கு மண்ணிலேயே தங்கிவிடுமாம், கடலில் போட்டால் கோழியோடு போய்விடுமாம். எங்கள் ஜனங்களின் வைத்தியம் அது. சாக்குச் சாக்காகக் கொண்டுபோய் வீசினார்கள். கடல் என்ன இவர்கள் வீட்டு வேலைக்காரியா? மறுநாளே எல்லாவற்றையும் கரையில் தள்ளியது. கடற்காகங்கள் கொத்தித் தின்றன. கொஞ்ச நாளில் அவையும் மணலில் தலை தொங்கி உட்கார்ந்தன.

உடனே தெரு கண்டுபிடித்துவிட்டது: சீக்கைக் கொண்டுவந்ததே இந்தச் சீமைப் பறவைகள்தான்! சொன்னவர் பக்கத்து வீட்டு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், கூப்பிடுவது முசே என்று. அவரிடம் ஒரு துப்பாக்கி வேலையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"முசே, செத்த கோழியப் பொதைக்கச் சொல்லுங்க. பறவைங்கள வுட்டுடுங்க" என்றேன். கால் மடங்கியது தப்பினால் போதும் என்றிருந்தது எனக்கு.

"உனக்கு இன்னாம்மா தெரியும்? நீ உள்ள போ."

தூணில் இருந்தவற்றுக்குக் குறி வைத்தார். ஒன்றுகூட விழவில்லை. பிறகு மணலில் பறக்கமுடியாமல் கிடந்தவற்றைப் பக்கத்தில் போய் நின்று சுட்டார். அப்பேர்ப்பட்ட வீரம்! கூடப் போனவர்கள் கைதட்டினார்கள். செத்தவற்றில் கால் மடங்கியதும் கிடந்தது. அங்கே அழுதால் அதற்கும் சிரிப்பார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

சித்திரையில் கழிச்சல் மறுபடி வந்தது. கடற்காகங்கள் ஊரைவிட்டே போயிருந்த நேரம், தூண்கள் மொட்டையாக நின்றன. சொல்தா உயிராக வளர்த்த சண்டைச் சேவல் செத்தது. சாயங்காலம் கையில் சாக்கோடு எங்கள் வாசலைத் தாண்டினார்.

"முசே, இப்ப யாரச் சுடப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் நிற்கக்கூட இல்லை. "இருட்டறதுக்குள்ள இதக் கடல்ல போட்டுட்டு வந்துடறேம்மா" என்றார்.