பாதை ஓரத்து வரிசை

வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். இதை அம்மாவிடம் நான் சும்மாதான் சொன்னேன். கோம்பையில், சமையலறை வாசலில் உட்கார்ந்து இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் கடைசிப் பரீட்சை வாய்மொழியாக நடக்கும், வெளியூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம், அவர்களும் எழுந்து பேசலாம் என்றேன்.

"யாரு வேணாலுமா?"

"ஆமாம்மா. அப்படித்தேன் நோட்டீஸே போடுவாக."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால், சொந்தக்காரர்கள் வராமல் இருந்துவிடக் கூடாது என்று அர்த்தம். "அப்ப ஒங்க மாமாவுக்கு மொறையாச் சொல்லணும்ல. தாய்மாமன் இல்லாம என்ன காரியம்?" என்றாள். நான் சிரித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டேன். தட்டச்சு செய்த ஆய்வேடு பைண்டிங்கில் இருந்தது. எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

பல்கலைக்கழகம் எங்கள் ரோட்டிலேயே இருந்தது ஒரு வசதி. தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி தாண்டி, பஸ் மதுரைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அதன் வாசலில் இறங்கிவிடலாம். மலையடிவாரத்தில் வெயிலும் புழுதியுமாகக் கிடக்கும். எனக்கு அது சொர்க்கம். வெளிநாட்டுச் சஞ்சிகைகள் கப்பலில் ஏறிப் பல மாதம் கழித்துத்தான் வந்து சேரும். வந்த அன்றைக்கு நூலகத்தில் யார் முதலில் தொடுவது என்று எங்களுக்குள் அடிதடி நடக்காத குறை. திராட்சை இலையின் அடிப்பக்கத்து வெள்ளைப் பூஞ்சையை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பூத்த முருங்கைக் கிளை மாதிரி இருந்தது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். விடுதிக்கு ஓடினேன். என் அறைத்தோழி தலையில் சீயக்காயோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"முருங்கைப் பூ மாதிரிடி!"

"தண்ணிய எடு மொதல்ல. அப்பறமாப் பூக்கட்டும்."

அவள் போடிக்காரி. ஏலக்காய் வியாபாரக் குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், புள்ளியியலில் ஆராய்ச்சி. அவள் பெட்டியைத் திறந்தால் அறை முழுவதும் ஏலக்காய் மணக்கும். என் கணக்குகளையெல்லாம் போட்டுக்கொடுத்தது அவள்தான். கூலியாக வருஷம் முழுவதும் மாமா தோட்டத்துப் பன்னீர் திராட்சை.

மாமா என்பது அம்மாவின் அண்ணன். கம்பத்துக்குப் பக்கத்தில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல் போட்ட தோட்டம். அந்த வெள்ளைப் பூஞ்சையால் கொடிக்குச் செவட்டை நோய் வந்தால் இலை மஞ்சள் பாய்ந்து, கருகி, குலையும் போய்விடும். அதற்குப் பயந்து எல்லோரும் நாள் கணக்கு வைத்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்று பார்த்து, தேவையான போது மட்டும் அடித்தால் போதும் என்பது என் ஆய்வு. சில வரிசைகளுக்கு வழக்கம்போல மருந்து. சிலவற்றுக்கு என் கணக்குப்படி. சிலவற்றுக்கு மருந்தே கிடையாது. மருந்தில்லாத வரிசையோடு ஒப்பிட்டால்தானே மருந்தின் மதிப்பு தெரியும்?

எந்த வரிசைக்கு எது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. எனக்கு வழிகாட்டியான பேராசிரியர் தோட்டத்துக்கே வந்து சீட்டுக் குலுக்கிப் போட்டார். மருந்தில்லாத சீட்டுகளில் ஒன்று, பாதை ஓரத்தில் முதலாவதாக இருந்த வரிசைக்கு விழுந்தது. மாமாவின் முகம் வாடிப்போனது.

"ஏத்தா, மொத வரிசைய விட்ரு. உள்ள தள்ளி வேற ஒண்ணு தர்றேன்."

"சீட்டுல விழுந்துருச்சு மாமா. மாத்தக் கூடாது."

"வர்றவுக போறவுக கண்ணுல அதுதானத்தா மொதல்ல படும்?"

"படட்டும் மாமா. மருந்து மட்டும் அடிச்சுராதீக. சத்தியம் பண்ணுங்க."

மாமா சத்தியம் பண்ணினார்.

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை போவேன். சில சமயம் பேராசிரியரும் வருவார். நாங்கள் வருகிற நாளில் பாதை பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கும். இளநீர் வெட்டி வைத்திருக்கும். அத்தை கோழி அடித்துக் குழம்பு வைத்திருப்பாள். சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்த கிளைகளில், கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்து, நல்ல இலை எத்தனை, சீக்கு இலை எத்தனை என்று எண்ணுவேன். மாமா பின்னாலேயே முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இரண்டு பருவம் எண்ணி முடித்ததும் ஒரு புதுமை தெரிந்தது. மருந்தில்லாத வரிசைகள் எல்லாவற்றிலும் செவட்டை தாண்டவமாடியது, பாதை ஓரத்தில் மட்டும் குறைவு. இரண்டு பருவத்திலும் அப்படியே. எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாதைப் பக்கம் திறந்த வெளி; கேரள மலையிலிருந்து இறங்கும் காற்று அங்கே நேராக அடிக்கும்; இலை சீக்கிரம் காயும்; காய்ந்த இலையில் பூஞ்சை முளைக்காது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். நான்காம் அத்தியாயம் முழுவதும் காற்று. ஆய்வேட்டில் நான் ஆசை ஆசையாக எழுதிய அத்தியாயம் அது ஒன்றுதான். போடிக்காரி படித்துவிட்டு, "காத்துக்கே கல்யாணம் பண்ணி வச்சுட்ட" என்றாள்.

வைவாவன்று காலை துறை வாசலில் நின்று உதடு காயப் படித்துக்கொண்டிருந்தேன். உதவித்தொகை முடிந்துவிட்டது. இன்னொரு பருவம் எண்ணிவிட்டு வா என்று தேர்வாளர் சொல்லிவிட்டால் இன்னொரு வருஷம். அதற்கு அப்பா சம்மதிக்க மாட்டார், கேட்கவும் எனக்கு வாயில்லை. அன்றைக்கு முடிந்தால் முடிந்தது, இல்லையென்றால் அவ்வளவுதான். அந்த நேரத்தில் கேட்டுக்குள் ஒரு ஜீப் நுழைந்தது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப். முன்னால் மாமா, வெள்ளை வேட்டி சட்டையில். பின்னால் அம்மா, அத்தை, சித்திகள். கடைசியாக ஒரு வாழைத்தார். தாம்பாளங்கள் வரிசையாக இறங்கின. திராட்சை, தேங்காய், வெற்றிலை பாக்கு, பட்டுச் சேலை, மாலை.

"மாமா, இது என்ன?"

"சீருத்தா. யாரு வேணாலும் வரலாம்னு சொன்னியாம்ல."

"பரீட்சைக்குச் சீரா?"

"சடங்குக்குச் செஞ்சேன். கல்யாணத்துக்குச் செய்வேன். நடுவுல இது வந்துருச்சு, செய்யாம விட்டா ஊரு என்ன பேசும்?"

பேராசிரியர் வெளியே வந்து பார்த்தார். திகைத்துத்தான் போனார். ஆனால் மாமா வீட்டுக் கோழிக்குழம்பு சாப்பிட்டவர் ஆயிற்றே, "வாங்க, வாங்க" என்று எல்லோரையும் கருத்தரங்க அறையின் பின்வரிசையில் உட்காரவைத்தார். தாம்பாளங்கள் சன்னல் ஓரம் அடுக்கப்பட்டன. போடிக்காரி மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், நடப்பதைத் தமிழில் சொல்வதற்கு.

தேர்வாளர் கேரளத்திலிருந்து வந்திருந்தார். ஒல்லியான மனிதர், மெதுவான ஆங்கிலம். படங்களைத் திரையில் காட்டி நான் பேசி முடித்தேன். முதல் கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வந்தது. பிறகு அவர் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து, பாதை ஓரத்து வரிசையின் படத்தை மறுபடி போடச் சொன்னார். "இங்கே சீக்கு இலை குறைவு, சரி. மொத்த இலையும் குறைவாக இருக்கிறதே, ஏன்?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. காற்றின் வேகத்தில் பலவீனமான இலைகள் உதிர்ந்துவிடுகின்றன என்றேன். அவர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

பின்வரிசையில் கிசுகிசுப்பு. திரையில் தன் தோட்டத்தைப் பார்த்ததும் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்தச் சாரு என்ன கேக்குறாக?" என்று போடிக்காரியைக் கேட்டிருக்கிறார். அவள் சொல்லியிருக்கிறாள். மாமா எழுந்துவிட்டார். கோட்டயம் சந்தைக்கு லாரியில் திராட்சை கொண்டுபோய்ப் பழகியவர். மலையாளத்துக்காரர் என்றால் அவருக்குக் கூச்சமே கிடையாது.

"சாரே, அது காத்து இல்ல. நாந்தேன்."

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்தா?"

"சீக்கு எலயப் பறிச்சுப் போட்டது நாந்தேன் சாரே. பிள்ள வர்றதுக்கு மொத நாளு. புரபசர் சாரெல்லாம் அந்தப் பாதையிலதேன் நடந்து வர்றாக. வாசல்லயே சீக்குப் பிடிச்சுத் தொங்குனா என்ன நெனப்பாக? அதேன், கைக்கு எட்டுன வரைக்கும் பறிச்சுட்டு, பாதையக் கூட்டி விட்ருவேன்." கொஞ்சம் நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ஆனா மருந்து அடிக்கல. பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மருந்தில்லாத வரிசையில் கை வைத்தாயிற்று என்றால் ஒப்பிடவே ஆதாரம் இல்லை. மூன்று வருஷமும் போச்சு என்று தோன்றியது. அப்புறம்தான் மற்ற வரிசைகளின் ஞாபகம் வந்தது. தேர்வாளர் வாயைத் திறப்பதற்குள் நானே கேட்டுவிட்டேன்.

"மாமா, உள்ள இருக்குற வரிசைகள்ல? அங்கயும் பறிச்சீகளா?"

மாமா என்னை வினோதமாகப் பார்த்தார். "உள்ளயா? அங்கன யாரு பாக்கப் போறா? அதுல நான் எதுக்குக் கை வைக்கப் போறேன்? அது பாட்டுக்கு அழுகிக் கெடந்துச்சு."

கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சாக்பீஸை எடுத்தேன். போடிக்காரி யாரிடமும் கேட்காமல் ஆய்வேட்டின் பின்னிணைப்பைத் திறந்துகொண்டு முன்னால் வந்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். நான் எழுதினேன். பாதை ஓரத்து வரிசையை நீக்கிவிட்டு மிச்ச வரிசைகளை மட்டும் வைத்து மறுபடி கணக்குப் போட்டோம். அவசரத்தில் ஒரு கூட்டல் தப்பிப்போனது. "ஏய், அது ஏழு" என்று அவள் அங்கேயே அதட்டினாள். அடியில் விடை வந்தது. மருந்தில்லாததற்கும் மருந்து அடித்ததற்கும் இருந்த வித்தியாசம் குறையவில்லை, கூடியிருந்தது. மாமா சுத்தம் பண்ணிய வரிசைதான் அதுவரை என் முடிவை மங்கலாக்கிக்கொண்டிருந்தது. ஈரத்தைப் பார்த்து மருந்தடித்தால் போதும் என்ற என் கணக்கு ஆடாமல் நின்றது.

தேர்வாளர் எழுந்து வந்து பலகையை நெருக்கத்தில் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"நான்காம் அத்தியாயம்?" என்றார்.

"எடுத்துவிடுகிறேன் ஐயா."

சொல்லிக்கொண்டே, மேசை மேலிருந்த படியில் அந்தப் பக்கங்களை ஒரு தரம் புரட்டினேன். அவர் கவனித்திருக்க வேண்டும். "இருப்பதிலேயே அழகாக எழுதியிருந்தது அதுதான். அதனால்தான் எனக்குச் சந்தேகம்" என்றார். பிறகு அறையைப் பார்த்து, அந்த அத்தியாயத்தை நீக்கித் திருத்திய பிரதி வந்ததும் பட்டம் வழங்கலாம் என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் சித்திகள் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள்.

"முடிஞ்சுதா? சீர வைக்கலாமா?" என்றார் மாமா.

ஆய்வேட்டுப் படிகள் கிடந்த மேசை மேலேயே தாம்பாளங்கள் ஏறின. மாலையை எனக்குப் போடுவதா பேராசிரியருக்குப் போடுவதா என்று அம்மாவுக்கும் அத்தைக்கும் சின்னத் தகராறு. கடைசியில் அது தேர்வாளர் கழுத்தில் விழுந்தது. அவர் மாலையோடு நின்றபடி, திராட்சைத் தட்டில் அலங்காரத்துக்கு வைத்திருந்த ஓர் இலையை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"இதுவும் பொறுக்கிக் கொண்டு வந்ததா?" என்று மாமாவிடம் கேட்டார்.

"பின்ன, சாரே? நாலு பேரு பாக்குற எடத்துக்குக் கொண்டு வர்றது."

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பும்போது ஜீப்பில் மாமாவுக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் எனக்கு இடம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மாமா என் பக்கம் திரும்பினார். மெதுவாக, "ஏத்தா, நான் எந்திரிச்சுப் பேசுனது தப்பாப் போச்சா?" என்றார்.

"இல்ல மாமா. பறிச்சதுதேன் தப்பு. சொன்னது நல்லதாப் போச்சு."

"அந்தக் காத்துப் பாடத்த எடுக்கச் சொல்லிட்டாகளே."

"அது இல்லாததுதான மாமா."

"ஆனாலும் நம்ம பாதையப் பத்தி எழுதிருந்த" என்றார். அவருக்கு அதில் என்னைவிட வருத்தம்.

இப்போது தேனியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன பருவத்தில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு மாமா தோட்டத்துக்குப் போனேன். முந்தின வாரமே சொல்லி அனுப்பியிருந்தேன், ஓர் இலையைத் தொடக் கூடாது என்று. பாதை பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. முதல் வரிசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி, மஞ்சள் பாய்ந்த இலைகள் தொங்கின. மாணவிகள் அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மாமா பக்கத்திலேயே நின்றார். பார்வை இலை மேலேயே இருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தார்.